திருவொற்றியூர் சுவரோரத்தில் குரோகோஸ்மியா பூக்குமா?

தம்பி, கோத்தகிரியில் சித்தி வீட்டு வேலியோரம் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து வளைந்து பூத்திருந்த குரோகோஸ்மியாவைப் பார்த்து ஆசைப்பட்டு, இலையோடு ஒரு கொத்தைப் பிடுங்கி, ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருக்கிறீர்கள். 15 கிழங்கு தேறியிருக்கிறது. திருவொற்றியூர் வீட்டில் காம்பவுண்டு சுவரை ஒட்டி 12 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஒரு பாத்தி காலியாகக் கிடக்கிறது. அதில் வரிசையாக நட்டு பார்டர் ஆக்கலாமா, எவ்வளவு ஆழம், எப்போது பூக்கும் என்பது கேள்வி. கூடவே, இந்தப் பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று அம்மா கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

பூக்க வைக்கலாம். ஆனால் பாத்தியில் நேராக நட வேண்டாம். சட்டியில் நட்டு, சட்டியோடு பாத்திக்குள் புதைத்து, அக்டோபரிலிருந்து மார்ச் வரை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறியதும் தூக்கி நிழலுக்கு அனுப்பிவிடலாம். மற்ற மாதங்களில் அந்தச் சுவரை மானத்தோடு காப்பாற்ற வேறு செடி வேண்டும். அதையும் சொல்கிறேன்.

நான் இருப்பது புது வண்ணாரப்பேட்டை. இந்தச் செடியில் இரண்டு முறை மண்ணைக் கவ்விவிட்டு மூன்றாவது முறைதான் பூவைப் பார்த்தேன். 2021 பிப்ரவரியில் முதல் முறை நட்டேன். இலை அழகாக வந்தது. மேயில் கத்திரி வெயிலில் நுனியிலிருந்து கருகத் தொடங்கி, ஜூனில் வைக்கோல் ஆகிவிட்டது. அடுத்து 2023 அக்டோபரில் சரியான மாதம் பார்த்துத்தான் நட்டேன், ஆனால் தரையோடு தரையாக இருந்த பாத்தியில். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு தோண்டிப் பார்த்தால், அழுகிய உருளைக்கிழங்கு போல கையோடு பிசுபிசுத்தது. 2024 அக்டோபரில் 11 கிழங்கை இரண்டு சட்டியில் வைத்தேன். பிப்ரவரி கடைசியில் நான்கு தண்டு பூத்தது. நான்குதான். கோத்தகிரியில் நீங்கள் பார்த்தது போல வேலி முழுக்க நெருப்புப் பற்றியது மாதிரி எல்லாம் இங்கே நடக்காது, அந்த எதிர்பார்ப்பை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். குரோகோஸ்மியா தென் ஆப்பிரிக்காவும் அதற்குக் கிழக்கே, வடக்கே உள்ள புல்வெளிகளும் காட்டோரங்களும் சேர்ந்த சீமையைச் சேர்ந்தது. கிளாடியோலஸ், ஐரிஸ் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். பிறந்த இடத்தில் கோடையில்தான் மழை. அந்த மழையில் முளைத்து, பூத்து, குளிரும் வறட்சியுமான மாதங்களில் மண்ணுக்குள் தூங்கும். அங்கே கோடை என்றால் பகலில் இதமான வெயில், ராத்திரியில் குளிர்ச்சி. நம் கோடையோ மழையே இல்லாத கோடை. மே மாதத்தில் பகல் 37, 38 டிகிரி சர்வ சாதாரணம், ராத்திரியும் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். பகல் சூட்டைக்கூட இந்தச் செடி ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. ராத்திரியும் சூடாகவே இருந்தால்தான் இளைத்துப்போகிறது. பகலில் இலை தயாரித்த சர்க்கரையை ராத்திரி முழுக்க மூச்சுவிட்டே செலவழித்துவிட்டால் கிழங்கில் சேர்த்து வைக்க என்ன மிஞ்சும்?

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இந்தச் செடிக்குப் பிறந்த வீட்டுச் சுகம். வெள்ளைக்காரர்கள் தோட்டத்துக்கென்று கொண்டுவந்தது இன்று மலைப்பாதை ஓரங்களில் தானாக வளர்கிறது. நீங்கள் எடுத்து வந்தது அனேகமாக மான்ட்பிரேசியா என்ற சாதாரண ஆரஞ்சு ரகம்தான். இது காட்டுச் செடி அல்ல. 1880 வாக்கில் பிரான்ஸில் நான்சி என்ற ஊரில் விக்டர் லெமுவான் என்ற நாற்றங்கால்காரர் இரண்டு ஆப்பிரிக்க இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம். அது எவ்வளவு முரடாக வளர்ந்தது என்றால், இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைத் தோட்டத்துக்கு வெளியே வளரவிடுவது சட்டப்படி குற்றம். அயர்லாந்திலும் நியூசிலாந்திலும் இதை ஒழிப்பது எப்படி என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நாம் இங்கே நான்கு பூவுக்குத் தவம் கிடக்கிறோம்! சித்தியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: களைந்த கிழங்குகளைச் சோலைக்காட்டு ஓரத்திலோ ஓடையிலோ வீச வேண்டாம். அங்கே அது நிச்சயம் பிழைத்துக்கொள்ளும்.

சரி, கையில் இருக்கும் 15 கிழங்குக்கு வருவோம். இப்போது செப்டம்பர். இலையோடு, வளர்ச்சியின் நடுவில் பிடுங்கியிருக்கிறீர்கள். குளிரிலிருந்து வந்ததை அப்படியே சூட்டில் போட்டதால் இலை தொங்கியிருக்கும். பதற வேண்டாம். பூத்தண்டு இருந்தால் வெட்டிவிடுங்கள். இலையை ஒரு ஜாண் விட்டு மேலே உள்ளதைக் கத்தரித்து விடுங்கள். ஒரு தொட்டியில் ஈரமான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போட்டு எல்லாவற்றையும் நெருக்கமாக நட்டு, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் விழாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படிக்குக் கீழே. இலை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக் காயும். பச்சையாக இருக்கும் வரை பிய்க்காதீர்கள், அது கிழங்குக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறது.

கிழங்கைப் பார்த்தீர்களானால், ஒன்றின் தலைமேல் ஒன்றாகச் சங்கிலி போல அடுக்கி இருக்கும். ஆண்டுக்கொரு கிழங்கு. மேலே இருப்பது இளசு, அடியில் இருப்பது பழையது. பலர் இதைப் பார்த்ததும் தனித்தனியாக உடைத்து எண்ணிக்கையைப் பெருக்கப் பார்ப்பார்கள். மலையில் அது சரி. இங்கே முதல் ஆண்டு உடைக்காதீர்கள். அடியில் உள்ள பழைய கிழங்குகள் சேமிப்புக் கணக்கு மாதிரி, மேலே உள்ளது பூக்கும்போது கைகொடுக்கும். 15 என்று நீங்கள் எண்ணியது சங்கிலிகளையா, உடைத்த பிறகா என்று எழுதவில்லை. ஏற்கெனவே உடைத்துவிட்டிருந்தால் புளியங்கொட்டை அளவுக் குட்டிகளிலிருந்து இந்த ஆண்டு வெறும் இலைதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். வெங்காயத்தைப் போல இதைக் காயப்போட்டு வைக்கக் கூடாது. முற்றிலும் உலர்ந்தால் சுருங்கி, முளைக்கவே முளைக்காது. கடைகளிலும் ஆன்லைனிலும் பாக்கெட்டில் வரும் கிழங்கு பெரும்பாலும் ஏமாற்றுவது இதனால்தான். ஆன்லைன் என்றதும் நினைவுக்கு வருகிறது: நீலம், ஊதா குரோகோஸ்மியா என்று படம் போட்டு விற்கிறார்கள். இந்தச் செடியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அவற்றின் நடுவில் உள்ள நிறங்கள், அவ்வளவுதான். நீலம் கிடையாது. அதேபோல, லண்டனில் இருக்கும் யாரையாவது லூசிஃபர் கிழங்கு கொண்டுவரச் சொல்லலாமா என்ற யோசனை உங்களுக்கு வராமல் இருக்காது. லூசிஃபர் 1960களில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஆலன் ப்ளூம் நாற்றங்காலில் உருவான, மிளகாய்ச் சிவப்பில் நான்கு அடி உயரம் போகும் அருமையான ரகம். ஆனால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கிழங்கைப் பெட்டியில் கொண்டுவருவது 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி கூடாது. வெறும் காகிதச் சட்டம் என்று நினைக்காதீர்கள். கிளாடியோலஸைத் தாக்கும் ஒரு துரு நோய் குரோகோஸ்மியாவிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். நம் நாட்டில் கிளாடியோலஸை நம்பி எத்தனையோ விவசாயிகள் இருக்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். வட சென்னையில் தோட்டம் போடுகிற எல்லோரும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், மண்ணை அப்புறம் பார்க்கலாம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிய கதை ஊரறிந்தது. திருவொற்றியூரில் கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் போர் தண்ணீர் மாறும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், ஆர்ஓ மெஷினுக்காக வாங்கியது, வீட்டில் எங்காவது கிடக்கும், எடுத்து வைத்துப் பாருங்கள். பாசன நீருக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோலில் 450க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 450 முதல் 2,000 வரை கவனமாகப் பயன்படுத்த வேண்டும், 2,000க்கு மேல் போனால் கடும் கட்டுப்பாடு வேண்டும். எங்கள் வீட்டு போரில் கோடையில் 1,800 காட்டும். கல்வாழைக்கு அதை ஊற்றினால் முகம் சுளித்துக்கொண்டே குடித்துவிடும். குரோகோஸ்மியாவுக்கு ஊற்றினேன். மூன்று வாரத்தில் இலை நுனிகள் காபிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டன. 2021இல் வெயில்தான் கொன்றது என்று ரொம்ப நாள் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் கொலையை நானே குடம் குடமாக ஊற்றிச் செய்திருக்கிறேன் என்று மீட்டர் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஆகவே மெட்ரோ வாட்டர் அல்லது மழைநீர். அதைவிடச் சுலபம், ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, உப்பு இருக்காது. ராத்திரி முழுக்க ஒரு ஏசி ஓடினால் மூன்று சட்டிக்குத் தாராளமாகப் போதும். ஆர்ஓ மெஷினின் கழிவு நீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். வீணாகப் போகிறதே என்று நம் வீடுகளில் அதைத்தான் செடிக்கு விடுகிறோம். சுத்தம் செய்த தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

காற்றிலும் உப்பு வரும். அதற்கு மீட்டர் வேண்டாம், உங்கள் கேட்டைப் பாருங்கள். பெயின்ட் அடித்து ஒரே வருடத்தில் துருப்பிடிக்கிறது என்றால் கடல் காற்று நேராக விழுகிறது என்று அர்த்தம். அப்படியானால் சட்டிகளைச் சுவருக்குக் காற்று மறைவான பக்கம் வையுங்கள். வாரம் இரண்டு முறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுங்கள். கன்டெய்னர் லாரி போகும் சாலைக்குப் பக்கத்தில் இருந்தால் கறுப்புத் தூசிக்கும் அதே மருந்துதான். இலையில் மடிப்பு மடிப்பாக வரி இருப்பதால் தூசி அதற்குள் உட்கார்ந்துகொள்ளும், துணியால் துடைத்தால் போகாது. ஸ்ப்ரேயரை எடுத்துக் கீழிருந்து மேலாக அடியுங்கள். அதிலேயே செஞ்சிலந்தியும் பாதி கழுவிப் போய்விடும்.

உங்கள் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லவில்லை. கிழக்கு பார்த்த சுவர் என்றால் யோகம்தான். காலை வெயில் நான்கைந்து மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல். இந்தச் செடி இங்கே கேட்பது அதுதான். மேற்கு பார்த்த கான்கிரீட் சுவர் என்றால் சாயங்காலம் கையை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும். அங்கே வேண்டாம். முருங்கையோ கொய்யாவோ லேசாக நிழல் தரும் இடத்துக்கு மாற்றுங்கள்.

மண் கலவைக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, பருமணல் அரைப் பங்கு, சட்டிக்கு ஒரு கைப்பிடி எலும்புத் தூள், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டை இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், அதிலும் உப்பு உண்டு. மணல் எங்கிருந்து எடுத்தாலும் பரவாயில்லை, காசிமேட்டுப் பக்கக் கடற்கரையிலிருந்து மட்டும் வேண்டாம் (சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் ஒருவர் செய்தார்). பாத்தி மண்ணையும் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். நம் பக்கம் காம்பவுண்டு ஓரம் எங்கே தோண்டினாலும் சிமெண்டுக் கட்டியும் செங்கல் ஜல்லியும்தான் வரும், வீடு கட்டிய கொத்தனார் விட்டுப்போன சொத்து. அதை எடுத்துக் கொட்டாமல் எந்தச் செடி வைத்தாலும் விளங்காது.

இப்போது சட்டியைப் புதைக்கும் முறை. 12 அங்குல வாயும் அதே அளவு ஆழமும் உள்ள சட்டி மூன்று. நாற்றங்கால்காரர்கள் வைத்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சட்டியே போதும். வெளியே வைத்தால் சூடேறும் என்பதுதான் அதன் குறை, புதைத்துவிட்டால் அது இல்லை. ஆழம் முக்கியம். இந்தச் செடியின் அடிக்கிழங்கிலிருந்து வரும் வேர்கள் சுருங்கிச் சுருங்கிக் கிழங்கை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு போகும். பிறந்த ஊரில் அப்படித்தான் அது குளிர்ச்சியைத் தேடிக்கொள்கிறது. நம் பாத்தியில் கீழே போனால் அங்கே காத்திருப்பது உப்புத் தண்ணீர்தான். சட்டிக்குள் இருந்தால் அந்தப் பயணம் 12 அங்குலத்தில் முடிந்துவிடும். நேராகப் பாத்தியில் நட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வெள்ளம் ஒரு காரணம், இது இன்னொன்று.

பாத்தியைச் சுற்றி செங்கல் வைத்து ஒரு முக்கால் அடி உயர்த்துங்கள். குழி தோண்டி, அடியில் உடைந்த செங்கல் பரப்பி, அதன்மேல் சட்டியை இறக்குங்கள். சட்டியின் விளிம்பு பாத்தி மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். நான்கடிக்கு ஒன்று வீதம் மூன்று சட்டி, சட்டிக்கு ஐந்து கிழங்கு. மேல் கிழங்கின் தலை மண்ணுக்குள் நான்கு அங்குலம் இருக்கட்டும். குளிர் ஊர்களில் மூன்று போதும் என்பார்கள். இங்கே மேல் மண் சூடாவதால் ஓர் அங்குலம் கூட.

புயல் எச்சரிக்கை வந்தால் சட்டியை வெளியே தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம், அதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம். சென்னைக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நாம் நடுவதும் சரியாக அதே நேரம்தான். ஈரம் அதற்குப் பிடிக்கும், தேங்கிய தண்ணீர் பிடிக்காது.

நடும் நாள் என்று கேட்டால், அக்டோபர் நடுவில், முதல் இரண்டு மழை விழுந்து மண் ஆறிய பிறகு.  இரண்டு மூன்று வாரத்தில் கத்தி போல முளை வரும். நவம்பர், டிசம்பரில் இலை விசிறி போல விரியும். ஜனவரியில் ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கும்போதுதான் செடிக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். இலை நடுவிலிருந்து ஒல்லியான தண்டு நீண்டு, நுனியில் சற்று வளைந்து, இரு பக்கமும் மொட்டு அடுக்கிக்கொண்டு வரும். அடி மொட்டு முதலில் விரியும், ஒவ்வொன்றாக நுனி வரை போகும். அதனால் ஒரு தண்டு இரண்டு வாரம் கண்ணில் நிற்கும். உங்கள் ரகம் இரண்டடிக்கு மேல் போகாது, முட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

உரத்தில் கை தாராளம் வேண்டாம். யூரியா, டிஏபி என்று போட்டால் இலை மதமதவென்று வளரும், பூ வராது. டிசம்பர் கடைசியில் ஒரு பிடி மண்புழு உரம், ஜனவரியில் இன்னொரு பிடி, போதும். செஞ்சிலந்தி பிப்ரவரியில் காற்று காயத் தொடங்கும்போது வரும். இலையில் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளுப்புத் தெரியும், அடியில் மெல்லிய நூலாம்படை. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு இரண்டு சொட்டு காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

மார்ச் கடைசியில் பூ முடிந்ததும் சட்டியைத் தூக்கி நிழலுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் மே வாக்கில் இலை காய்ந்துவிடும். மே, ஜூன் இரண்டு மாதமும் மண் எலும்பாகக் காயாமல், ஈரமும் சொட்டாமல், வாரம் ஒரு டம்ளர். வெயில் படாத மூலை இல்லாத வீடு என்றால் கிழங்கை எடுத்து லேசாக ஈரமான கோகோபீட்டில் புரட்டி, துளை போட்ட டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைக்கலாம். ஃபிரீசரில் வேண்டாம், மாம்பழத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் உறங்கும் மொட்டைக் கெடுத்துவிடக்கூடும். டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை சேப்பங்கிழங்கு என்று நினைத்துக் குக்கரில் ஏற இருந்தது.

இனி ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அந்த 12 அடி என்ன செய்வது? உங்களுக்குப் பிடித்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். வாள் போன்ற இலை, அதற்கு மேலே நெருப்பு நிறத்தில் எட்டிப் பார்க்கும் பூ. அந்தத் தோற்றத்தை நம் சூட்டிலேயே தருகிற செடிகள் இருக்கின்றன. என் முதல் ஓட்டு குட்டை ஹெலிகோனியாவுக்கு. பூக்கடைகளில் பொக்கேவில் கிளி மூக்கு போல ஆரஞ்சில் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். வெப்ப மண்டலத்துச் செடி, ராத்திரிச் சூடு அதற்குப் பொருட்டே இல்லை. சட்டிகளுக்கு நடுவில் இரண்டிரண்டு கிழங்கு வையுங்கள், ஒரே வருடத்தில் இடத்தை நிரப்பிவிடும். உப்புத் தண்ணீர் மட்டும் அளவாக. பரவும் குணம் உண்டு, நடுவில் ஒரு தகடோ ஓடோ சொருகி எல்லை கட்டுங்கள். மாதவரம், கொளத்தூர் பக்க நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள்.

குரோகோஸ்மியாவின் உண்மையான சொந்தக்காரச் செடிதான் வேண்டும் என்றால் பிளாக்பெர்ரி லில்லி. பெயர்தான் லில்லி, குடும்பம் ஐரிஸ். விசிறி இலை, ஆரஞ்சில் சிவப்புப் புள்ளி, காய் வெடித்ததும் கறுப்பு முத்து போல விதை. சூட்டைக் குரோகோஸ்மியாவை விட நன்றாகவே தாங்குகிறது. கல்வாழை உங்களுக்கே தெரியும், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரிலும் பூக்கும்.

செங்காந்தளைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் மாநில மலர். தீக்கொழுந்து என்றால் அதுதான். கண்வலிக் கிழங்கு என்று மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் வயலாகவே போடுகிறார்கள், விதைக்கு ஏற்றுமதிச் சந்தை இருக்கிறது. வேதாரண்யத்துக் கடலோர மணலிலும் விளைகிறது, அதனால் உங்கள் ஊர் மணல் அதற்குப் புதிதல்ல. கலப்பை வடிவக் கிழங்கு, இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறும், சுவரில் ஒரு வலை கட்டினால் போதும். ஆனால் கிழங்கும் விதையும் கொல்லும் விஷம். கோல்ச்சிசின் என்ற பொருள் காரணம். ஃபிரிட்ஜ் கதை சொன்னேன் அல்லவா, அதைச் செங்காந்தள் கிழங்கோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். வீட்டில் தவழும் குழந்தையோ, தோண்டும் நாயோ இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

அம்மா கேட்ட கேள்வி. குரோகோஸ்மியாவுக்கு வாசனை கிடையாது. பெயரிலேயே குங்குமப்பூ வாசம் என்று கிரேக்கத்தில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் அது காய்ந்ததை வெந்நீரில் போட்டால் வருகிற வாசம். காம்பு நீளமாக இல்லாததால் கட்டித் தொடுக்கவும் வராது, உதிரியாகத்தான் வைக்க வேண்டும். தண்டோடு வெட்டிச் சொம்புத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் வந்த நான்கு தண்டில் முதல் தண்டை என் மனைவி வெட்டி வடிவுடையம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். போட்டோ எடுக்கலாம் என்று செல்போனோடு தோட்டத்துக்குப் போனேன், வெறும் இலைதான் நின்றுகொண்டிருந்தது.